வீடு பார்க்க வந்த அத்தை

எங்கள் குடும்பத்தில் யாருக்காவது மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதென்றால், சோசியருக்கு அடுத்தபடியாக வால்பாறைக்குத்தான் தகவல் போகும். அங்கே ஒரு தேயிலை எஸ்டேட் குவார்ட்டர்ஸில் அத்தை இருந்தார். அப்பாவின் அக்கா. மாமாவுக்கு எஸ்டேட் ஆபீசில் கிளார்க் வேலை. தகவல் கிடைத்தால் போதும், எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் தாண்டி, பஸ்ஸில் பொள்ளாச்சி வந்து இறங்கிவிடுவார். கையில் ஒரு ஒயர் கூடை. அதற்குள் எங்களுக்குத் தேயிலைத்தூள் பொட்டலம், அவருக்கு ஒரு ஸ்வெட்டர், ஒரு குடை. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் அந்த ஸ்வெட்டரும் குடையும் கூடையில் இருக்கும்.

மாமா ரிட்டயராகி இப்போது இருவரும் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். அந்த அத்தையை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்வது மலைமேல் இருந்த அத்தையைப் பற்றி.

அவரை ஆசையோடு கூப்பிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பயந்துகொண்டேதான் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டால் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார், கூப்பிட்டால் போகிற இடத்தில் மானத்தை வாங்குவார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வாய் நிறைய ‘ங்க’ போட்டுப் பேசத் தெரியும். முகத்துக்கு நேராக ஒன்றைக் கேட்கத்தான் வராது. "கேட்டாத் தப்பா நெனைச்சுக்குவாங்க" என்று அப்பா எதையும் கேட்காமலே திரும்பி வருவார். பதில் சொல்கிறவர்களும் அதே ரகம். இல்லை என்றால் வந்தவர் மனம் நோகுமே என்று "இருக்குதுங்க" என்றுவிடுவார்கள். இந்த இரண்டு மரியாதைக்கும் நடுவில் கல்யாணம் முடிந்து, பெண் போய்க் குடித்தனம் ஆரம்பித்த பிறகுதான் எது இருக்கிறது, எது இல்லை என்று தெரியவரும்.

அத்தைக்கு அந்த மரியாதை கிடையாது.

"இருக்குதான்னு கேக்காதே கண்ணு, வருதான்னு கேளு" என்பார். குழாய் எல்லா வீட்டிலும்தான் இருக்கிறது, திருகினால் தண்ணீர் வருகிறதா என்பதல்லவா பேச்சு. ஜவுளிக்கடையில் சாயம் போகாதுங்க என்று கடைக்காரர் சத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே, முந்தியின் ஓரத்தை எச்சில் தொட்டுத் தேய்த்து, கைக்குட்டையில் துடைத்துப் பார்ப்பார். பிறகு புடவையை எடுத்துக்கொண்டு வெயில் வெளிச்சத்துக்காகக் கடைக்கு வெளியே போய்விடுவார். கடைப் பையன்கள் பதறிப்போய்ப் பின்னாலேயே வருவார்கள். அம்மா அந்த நேரத்தில் எங்களைத் தெரியாதவள்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அக்காவுக்கு வீடு பார்த்த காலத்தில் தண்ணீர்தான் பெரிய கேள்வி. காங்கேயம் பக்கம் ஒரு வீட்டில் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது கேன் தண்ணிங்களா?" என்றார். அந்த வீட்டம்மாள் சிரித்து மழுப்பினார். அத்தை எழுந்து நேராக மோட்டார் ரூமுக்குப் போய், "சித்த மோட்டாரைப் போடுங்க" என்று நின்றார். வந்தது உப்புத் தண்ணீர். காரில் திரும்பினோம். அத்தை பின்சீட்டில் உட்கார்ந்து அக்காவின் தலைமுடியைத் தொட்டுப் பார்த்து, "இந்தத் தண்ணில குளிச்சா ரெண்டு வருசத்துல கோழிவாலாட்டம் ஆயிரும்" என்றார்.

எனக்கு வீடு பார்க்க ஆரம்பித்தபோது கேள்வி மாறிவிட்டது.

வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைப் பதிவது என் வேலை. கம்பெனி கோயம்புத்தூரில். வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் வீட்டுக்கு ஒயர் வழியாக நெட் வந்திருக்க வேண்டும், போனிலிருந்து எடுத்துக்கொள்ளும் நெட்டெல்லாம் ஆகாது என்று கண்டிஷன். சோமனூரில் எங்கள் வீட்டுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. பக்கத்துச் சந்தில் தறி சடசடவென்று ஓட, நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பித்தப்பையைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பேன். அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கல்யாணத்துக்காக அதை விட நான் தயாராக இல்லை. அதைச் சபையில் சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை. நானும் அந்த ஊர்க்காரிதானே.

எங்கள் சனத்தில் நாலு காணி உள்ள வீடு என்றால் அது ஊருக்குள் இருக்காது. தோட்டத்துக்கு நடுவில் தனியாக இருக்கும். பக்கத்து வீட்டு நாய் குரைப்பதுகூடக் காற்று வாகாக இருந்தால்தான் கேட்கும். கோயம்புத்தூரில் ஒரு ஃப்ளாட்டுக்கு லைன் கொடுக்க இரண்டு மூன்று கம்பெனிக்காரர்கள் நோட்டீஸும் கையுமாக அலைவார்கள். தோட்டத்து வீட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள். ஒரு வீட்டுக்காக அவ்வளவு தூரம் ஒயர் இழுத்தால் கட்டுப்படியாகாது என்பார்கள். ஊர் எல்லையோடு லைன் நின்றுவிடும். அதற்கப்புறம் தென்னை, வாய்க்கால், மறுபடியும் தென்னை.

வீடு பார்க்கப் போன இடத்தில் அத்தை வாசல்படி ஏறும்போதே போனைக் கையில் எடுத்துவிடுவார். "உங்க நெட்டுல போடுங்க தம்பி" என்று மாப்பிள்ளைப் பையனிடம் நீட்டுவார். பிறகு வீடியோ காலில் அப்பாவைக் கூப்பிடுவார். அப்பா அதே வீட்டு வாசலில் சம்பந்தி ஆகப்போகிறவரோடு உட்கார்ந்திருப்பார். சட்டைப்பையில் போன் அலறும். எடுக்காமல் இருக்கவும் முடியாது. "தம்பி, மூஞ்சி தெரியுதா? இப்பச் சமையக்கட்டுல நிக்கறேன். இப்ப? நின்னுபோச்சா?" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும். அப்பா போனைப் பார்த்து, "தெரியுதுக்கா" என்று தலையைக் குனிந்துகொள்வார். ஒரு வீட்டில் எல்லா அறையிலும் படம் உறைந்துபோய், மாட்டுக்கொட்டகையில் மட்டும் பளிச்சென்று வந்தது. "பொண்ணு மாட்டோட உக்காந்தா வேலை பாக்கும்?" என்று அத்தை அங்கிருந்தே கேட்டார். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

"உங்கக்கா மாப்பிள்ளை பாக்கறாங்களா, டவர் பாக்கறாங்களா?" என்று அம்மா அப்பாவிடம் சண்டை போட்டாள். "அவங்க போடற போடுல பொண்ணு ஊட்டோட கெடக்கப் போகுது."

பிறகுதான் பொள்ளாச்சிக்குத் தெற்கே அந்த வீடு வந்தது. தென்னந்தோப்பு, நல்ல தண்ணீர், மரியாதையான குடும்பம். தரகர் முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். "பொண்ணுக்கு ஒரு அத்தை இருக்கறாங்க. எது கேட்டாலும் நெட்டு மட்டும் இல்லைன்னு சொல்லிப்போடாதீங்க."

நாங்கள் போனபோது ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில், கண்ணாடிப் பொம்மைகளுக்கு நடுவில், புத்தம் புதிதாக ஒரு வைஃபை பெட்டி உட்கார்ந்திருந்தது. பொட்டு வைத்து, பூகூட வைத்திருந்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது. அப்பாவுக்கு அதைப் பார்த்ததும் போன உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது. "பொட்டி வாங்கிப்போட்டமுங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா பெருமையாக. "பொண்ணுக்கு வேணுமுன்னு சொன்னாங்க. அடுத்த நாளே போய் வாங்கியாந்துட்டமுங்க."

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஃபிரிட்ஜ் வாங்கினால் குளிர்கிறது, டி.வி. வாங்கினால் படம் வருகிறது, அதேபோலப் பெட்டியை வாங்கிவிட்டால் நெட் வந்துவிடும் என்று அந்த மனிதர் மனதார நம்பினார். விளக்கும்தான் எரிகிறதே.

வாழை இலை போட்டுவிட்டார்கள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வீடு பார்க்கப் போகிறவர்கள் காபி, தண்ணீரோடு நிறுத்திக்கொள்வார்கள். கை நனைத்துச் சாப்பிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் பின்வாங்கினால் அது பெரிய அவமானம். இலை போட்டார்கள் என்றால் அவர்கள் பக்கம் சம்மதம் என்று பொருள். அப்பா எங்களைப் பார்த்தார். எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் வாசலில் செருப்பை ஒழுங்காக ஓரமாக விட்டபோதே பிடித்துவிட்டது. அப்பா கை கழுவ எழுந்துவிட்டார்.

அத்தை அந்தப் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பெட்டியின் பின்னாலிருந்து வெள்ளை ஒயர் ஒன்று போனது. அதைக் கையால் தடவிக்கொண்டே டி.வி. மேசைக்குப் பின்னால் குனிந்தார். சுவர் ஓரமாகக் கொஞ்ச தூரம் போய், ஜன்னல் திரைக்குப் பின்னால் அது முடிந்தது. நுனியை அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள்.

போச்சு, இப்போது எல்லோர் முன்னாலும் அந்த நுனியைத் தூக்கிக் காட்டப் போகிறார் என்று நினைத்தேன். அத்தை அப்படிச் செய்யவில்லை. திரையை இழுத்து ஒயரை மூடிவிட்டு, மாப்பிள்ளையைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங் தம்பி, இது வருதுங்களா?"

மாப்பிள்ளை அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இல்லைங்க" என்றார். "லைன் ஊருக்குள்ள பால் சொசைட்டி வரைக்குந்தான் வந்திருக்குதுங்க. இங்க ஒரு ஊட்டுக்காக இழுக்க மாட்டேங்கறாங்க. அப்பாகிட்டச் சொன்னனுங்க, அவரு கேக்கலைங்க."

தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. "அப்ப இந்த வெளக்கு ஏன்டா எரியுது?" என்று மகனிடம் கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த ஏமாற்றத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பாவமாக இருக்கிறது.

நான் கேள்விப்பட்டவரையில், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் வாயிலிருந்து ‘இல்லைங்க’ என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை. அத்தைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மாவிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பையன் தங்கமுங்க. ஊடும் நெம்பப் புடிச்சிருக்குதுங்க. ஆனா எம்பட பொண்ணு அந்த வேலைய உட்டுப்போட்டு இங்க வந்து உக்காந்தா, ஒரு வருசம் சிரிச்சுட்டு இருக்கும், அப்பறம் உங்களையும் கரிச்சுக் கொட்டும், எங்களையும் கரிச்சுக் கொட்டும். லைன் வரட்டும். வந்தன்னைக்கு நானே வந்து ரெண்டு எலைச் சோறு திங்கறேன்."

கழுவிய கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அப்பா வெளியே வந்தார். போட்ட இலைகள் அப்படியே கிடந்தன. போட்ட இலையை விட்டு எழுந்து வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எனக்கு அத்தையின்மேல் அப்படி ஒரு ஆத்திரம். என் வேலைக்காகத்தான் பேசினார் என்று புரிந்தும் ஆத்திரம். இந்தச் சம்பந்தமும் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

ஆனால் போகவில்லை. மாப்பிள்ளை அந்த வண்டித்தடத்தில் இருந்த தோட்டத்து வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கியிருக்கிறார். ஒரு வீட்டுக்குப் படிக்கிற பையன், ஒரு வீட்டுக்குத் துபாயில் மகன், இன்னொரு வீட்டுக்கு சும்மா நாடகம் பார்க்க. எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்டதும் லைன்காரர் ஒத்துக்கொண்டார். கம்பத்துக்குப் பதிலாகத் தென்னைக்குத் தென்னை கட்டி ஒயரை இழுத்துவிட்டார்கள். நடுவில் ஒரு தடவை மட்டை விழுந்து அறுந்து, மறுபடி கட்டினார்கள்.

லைன் வந்த அன்று அத்தையால் கீழே இறங்க முடியவில்லை. மலையில் மழை. சாயந்தரம் வீடியோ காலில் வந்தார், ஸ்வெட்டரும் தலையில் மப்ளருமாக. பின்னால் ஒரே பச்சை, கொஞ்சம் பனிமூட்டம்.

"எங்க அத்தை நிக்கறீங்க?"

"ஊட்டு வாசல்லதான் கண்ணு, காத்தாட. எங்க ஊட்டுல நெட்டு மூலைமுடுக்கெல்லாம் ஜோரா வருது. நீ மாப்பிள்ளைய லைன்ல கோத்துவுடு."

மாப்பிள்ளை போனைப் பிடித்தபடி வீட்டைச் சுற்றினார். ஹால், சமையலறை, மாடி அறை, எனக்கென்று ஜன்னலோரம் போட்டிருந்த மேசை. அத்தை ஒவ்வொன்றிலும் நிறுத்தி, கையை ஆட்டச் சொல்லி, கை நிற்காமல் ஆடுகிறதா என்று பார்த்தார். நடுவில் அவர் பக்கம் ஏதோ பஸ் ஹாரன் அடித்தது. "செரி, கை நனைச்சுக்கலாமுங்க" என்று உத்தரவு கொடுத்துவிட்டு, "வெளக்கு வெக்கோணும், வாரேன்" என்று அவசரமாக வைத்துவிட்டார். எப்போது பேசினாலும் இருட்டுகிற நேரத்தில் அவருக்கு விளக்கு வைக்க வேண்டியிருக்கும்.

கல்யாணம் நடந்தது. வேலையும் நின்றுபோகவில்லை. இந்தத் தோப்பு வீட்டில் எங்கள் களத்தில் நின்றால் ஆனைமலை முழுசாகத் தெரியும். சாயந்தரம் வேலையை மூடிவிட்டு அத்தையிடம் பேசுவேன். "லைன் வருதா கண்ணு?" என்றுதான் ஆரம்பிப்பார். வெயில் காலமோ மழைக்காலமோ, வாசலில் காத்தாடத்தான் நின்றிருப்பார்.

புது மாப்பிள்ளை விருந்துக்குக் கடைசியாகத்தான் வால்பாறைக்குப் போனோம். தூரம், வளைவு, வாந்தி என்று ஒவ்வொரு சாக்கு. மலையேறும்போதே என் போனில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றுமே இல்லை. வீட்டு நெட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அத்தை சமையலறையில் கோழிக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று சொல்ல வேண்டும். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன், படுக்கையறைக்குப் போனேன், பின்வாசலுக்குப் போனேன், முன்வாசலுக்கு வந்தேன். அத்தை எல்லார் வீட்டிலும் நடந்த அதே நடை. எங்கேயும் வரவில்லை.

மாமா அதிகம் பேசாதவர். நாற்காலியில் உட்கார்ந்து நான் அலைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்த முக்குக்குப் போகோணும் அம்மணி" என்றார். சன்னல் வழியாகக் கீழே, பஸ் திரும்புகிற வளைவைக் காட்டினார். தேயிலை எடை போடுகிற ஷெட் ஒன்று தெரிந்தது. "அங்கதான் கொஞ்சம் கெடைக்கும். ஷெட்டுக்குள்ள நின்னாக்கூட அந்துபோகும், ரோட்டு மேல நிக்கோணும். உங்கத்தை தெனமும் போறா."

"மழை வந்தா?"

"கொடை இருக்குதல்ல. பொழுதோட சிறுத்தை வரும், இருட்டறக்குள்ள வந்துபோடுன்னா கேக்கறதில்லை."

சமையலறைக்குப் போனேன். அத்தை குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். மாமா சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. என் பக்கம் திரும்பவில்லை.

"ஏன் அத்தை பொய் சொன்னீங்க?"

"இல்லைன்னு சொன்னா நீங்கெல்லாம் பாவமேன்னு நெனைப்பீங்க. அப்பறம் எதுக்கு அவங்களுக்குத் தொந்தரவுன்னு கூப்புடறதையே உட்டுப்போடுவீங்க." கரண்டியை ஓரத்தில் தட்டி வைத்தார். பிறகு சிரித்துக்கொண்டேதான் கேட்டார், குற்றம் சொல்கிற சிரிப்பல்ல. "இங்க யாரு கண்ணு ஊடு பாக்க வந்தீங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாப்பிடும்போது குழம்பு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அத்தை ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்துவிட்டு, "காரமெல்லாம் ஒண்ணுமில்லையே" என்றார். அதையும் சோதிக்காமல் விடவில்லை.

கிளம்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் முக்குக்குப் போகக்கூடாது, பேச வேண்டுமென்றால் மாமா ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டால் போதும் என்று சொன்னேன். "செரி கண்ணு, அப்படியே ஆகட்டும்" என்றார் அத்தை. எங்கள் ஊர் ஆட்கள் சொல்கிற அதே மரியாதையோடு சொன்னார். நானும் நம்பிவிட்டேன்.

இரண்டொரு நாளில் சாயந்தரம் போன் அடித்தது. எங்கள் பக்கமும் தூறல். களத்திலிருந்து பார்த்தால் மலையே தெரியவில்லை, மேகம் இறங்கியிருந்தது. திரையில் அத்தையின் முகமும், முகத்துக்கு மேலே குடைக் கம்பியும் தெரிந்தன. குடையின் மேல் மழை விழுகிற சத்தத்தில் அவர் பேசுவது பாதிதான் கேட்டது.

"லைன் வருதா கண்ணு?"

"வருது அத்தை. நீங்க எங்க நிக்கறீங்க?"

"ஊட்டுலதான்."

"அத்தை..."

பிடிபட்ட பிள்ளைபோலச் சிரித்தார். மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மழை இப்படி ஊத்துது, உள்ள போங்க அத்தை."

"உள்ள போனா நீ போயிருவியே கண்ணு" என்றார்.